சலானோடு ஒரு பயணம்: திருப்பூர் முதல் தூத்துக்குடி வரை

கோயம்புத்தூரிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அவிநாசியை அடைந்து, அங்கு வலப்புறம் பிரியும் சாலையில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் சென்றால் திருப்பூர் வந்துவிடுகிறது. ஆனால் ஊருக்கு முன்பே அதன் தொழில் தொடங்கிவிடுகிறது. துணி உருளைகளை அடுக்கிய சரக்கு ஆட்டோக்களும் மினி லாரிகளும் ஒரு பட்டறையிலிருந்து இன்னொரு பட்டறைக்கு நாள் முழுதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் ஓட்டுநர்கள் சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கும் தாளுக்கு டெலிவரி சலான் என்று பெயர், ஊர் வழக்கில் வெறும் டி.சி. திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் பெரும்பாலானவை எல்லா வேலைகளையும் தம் கூரைக்குள் செய்வதில்லை. நூலை வாங்கி ஓரிடத்தில் பின்னக் கொடுத்து, மற்றோரிடத்தில் சாயமேற்றி, வேறோரிடத்தில் அளவு நிலைப்படுத்தி, அதன் பிறகே வெட்டித் தைக்கின்றன. கூலிக்குப் பிறர் செய்து தரும் இந்த இடைவேலைகளே ஜாப் ஒர்க் எனப்படுகின்றன. ஒரு டி-சட்டை பெட்டிக்குள் போவதற்குள் அதன் துணி நான்கைந்து வாசல்களைக் கடந்துவிடுகிறது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு சலான் எழுதப்படுகிறது.

இந்தச் சலான்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துக் கணக்காக்குவதுதான் வணிக மேலாண்மை மென்பொருளின் வேலை. கொள்முதல், இருப்பு, உற்பத்தி, விற்பனை, சம்பளம், வரி ஆகிய அனைத்தையும் ஒரே தரவுத்தளத்தில் வைத்து, ஒரு துறையில் பதிந்த எண் மற்ற துறைகளுக்கும் உடனே தெரியுமாறு அமைத்த மென்பொருளையே தொழில்துறையினர் ஈ.ஆர்.பி. என்கின்றனர், அச்சொல் 1990 வாக்கில் கார்ட்னர் ஆய்வு நிறுவனத்தால் வழக்குக்கு வந்தது. 1972-இல் ஜெர்மனியில் தோன்றிய எஸ்.ஏ.பி., 1986-இல் பெங்களூரில் தோன்றிய டேலி, 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009-இல் பெயர் மாற்றிக்கொண்ட ஸோஹோ எனப் பல நிறுவனங்கள் இத்தகைய மென்பொருள்களைத் தருகின்றன. அவற்றுட் பலவும் மேசைக்கணினியை மனத்திற்கொண்டு பிறந்தவை. கைபேசித் திரை பின்னால் சேர்ந்தது. எஸ்.ஏ.பி. தன் கைபேசிக்கேற்ற முகப்பான ஃபியோரியை வெளியிட்டது 2013-இல்தான்.

ஒரு நிறுவனம் இம்மென்பொருளைத் தன் ஊழியர்களின் கைபேசிக்குக் கொண்டுபோக முடிவெடுக்கும்போது, முதலில் முதலாளியின் கைபேசியில் ஒரு முகப்புத் திரை முளைக்கிறது: இன்றைய உற்பத்தி, கையிருப்பு, வரவேண்டிய பணம் எல்லாம் வண்ண வரைபடங்களாக. ஆனால் அந்த வரைபடத்துக்கான எண்கள் சாயப்பட்டறை வாசலில் நேற்று மாலை பேனாவால் எழுதப்பட்டு, இன்று முற்பகல் அலுவலகம் வந்து, எழுத்தர் ஒருவரால் கணினியில் ஏற்றப்பட்டவை. ஆகவே முதலாளி காண்பது நேற்றைய தொழிற்சாலையை. கைபேசி அணுகல் என்பது மேலே இருப்பவர் பார்ப்பதற்கான வசதி என்று எண்ணித் திட்டமிடுவதே பல நிறுவனங்கள் செய்யும் முதற்பிழை. கீழே, சரக்கு கைமாறும் இடத்தில் நிற்பவர் எழுதுவதற்கான வசதியாகவே அது முதலில் அமைய வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. அதனால்தான் மென்பொருளின் பகுதிப் பட்டியலை விட்டுவிட்டு, சரக்கு போகும் வழியிலேயே இப்பயணம் செல்கிறது.

வழியின் முதல் நிறுத்தம் நிட்டிங் பட்டறை. வட்டப் பின்னல் எந்திரத்தின் மேல் வளையத்தில் நூல் கோன்கள் சுற்றி நிற்க, கீழே குழாய் வடிவில் துணி இறங்கி உருளையாகச் சுருள்கிறது. ஓர் உருளை ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ எடையை எட்டியதும் வெட்டி எடுத்துத் தராசில் வைக்கின்றனர். எந்த நூல், எந்த எந்திரம், எந்த ஷிப்ட், எத்தனை கிலோ என்னும் நான்கு விவரங்களும் ஒரே நேரத்தில் ஒருவர் கண்முன் இருப்பது இந்த இடத்தில் மட்டுமே. பத்து நிமிடம் கழிந்தால் அவை நினைவை நம்பியவை. ஆகவே இங்கு வேண்டியது பெரிய செயலி அன்று. உருளைக்கு ஓர் எண் கொடுத்து, எடையைப் பதிந்து, ஒட்டுச்சீட்டு அச்சிடும் ஒரே ஒரு திரை. சீட்டில் அச்சாகும் கியூ.ஆர். குறியீடு இன்று டீக்கடையில் பணம் செலுத்தும் குறியாகவே அறியப்பட்டாலும், அது 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் கார் உதிரிபாகங்களை அடையாளங்காண உருவாக்கப்பட்டது. தொழிற்சாலைப் பிள்ளை தொழிற்சாலைக்கே திரும்புகிறது எனலாம். அதன் உயர்நிலைப் பிழைதிருத்த அமைப்பில் குறியின் ஏறத்தாழ 30 விழுக்காடு சிதைந்தாலும் படிக்க முடியும் என்பதால், எண்ணெய்க் கறையும் பஞ்சுத் தூசும் படியும் நிட்டிங் பட்டறைக்கு அது பொருத்தமான குறியே.

பட்டறை வாசலில் உருளைகள் வண்டியில் ஏறும்போது சலான் எழுதும் நேரம் வருகிறது. சரக்கு மற்றும் சேவை வரி (ஜி.எஸ்.டி.) விதிகளின் 55-ஆம் விதிப்படி சலானுக்கு 16 எழுத்துக்குறிகளுக்கு மிகாத தொடர் எண் இருக்க வேண்டும். அது மூன்று படிகளாக அமைய வேண்டும். பெறுநருக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று, அனுப்புநருக்கு ஒன்று. காகிதப் புத்தகத்தில் தொடர் எண் முன்கூட்டியே அச்சாகியிருப்பதால் இதில் சிக்கல் எழுவதில்லை. கைபேசிக்கு மாறும்போதுதான் எழுகிறது: தகரக் கூரையின் கீழோ ஊர்ப்புறத்திலோ இணையம் இல்லாத இரண்டு பட்டறைகளில் இரு மேற்பார்வையாளர்கள் ஒரே நேரத்தில் சலான் போட்டால், இருவரின் கைபேசியும் அடுத்த எண் இதுவே என்று கருதி ஒரே எண்ணை வழங்கிவிடும். இணையம் இல்லாதபோது கைபேசியிலேயே பதிவைச் சேமித்து, இணையம் கிடைத்ததும் தாய்க் கணினியோடு சேர்க்கும் முறைக்கு ஒத்திசைவு என்று பெயர். அது நடக்கும் வேளையில் இரு பதிவுகள் ஒன்றோடொன்று முட்டுவது ஒத்திசைவு முரண். இங்குத் தீர்வு சட்டத்திலேயே இருக்கிறது: அதே விதி ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்வரிசைகளை அனுமதிக்கிறது. ஒவ்வொரு கைபேசிக்கும் தனி முன்னெழுத்து கொண்ட தனி வரிசையை ஒதுக்கிவிட்டால், எத்தனை பேர் இணையமின்றி எழுதினாலும் எண்கள் மோதுவதில்லை. விதியைப் படிக்காத நிரலாளர் இதைத் தொழில்நுட்பச் சிக்கலாகக் கருதி மாதக்கணக்கில் மல்லாடவும், நிரலை அறியாத கணக்காளர் இணையம் வரும்வரை வண்டியை நிறுத்தி வைக்கச் சொல்லவும் கூடும். இருவரையும் ஒரு மேசையில் உட்கார வைப்பதே இவ்விடத்தில் திட்டமிடுதல்.

வண்டி நொய்யல் ஆற்றை நோக்கித் திரும்புகிறது. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றிக் கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கும் இந்த ஆறு, சாயக்கழிவால் பட்ட பாடு தமிழகம் அறிந்தது. கழிவுநீரை ஒரு துளியும் வெளிவிடக் கூடாது என்னும் நிபந்தனையை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் உத்தரவிட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் கொள்ளளவுக்குள் இயங்க வேண்டியிருப்பதால், சாயப்பட்டறையில் முறை கிடைப்பதும் ஒரு சரக்கு எப்போது வெளிவரும் என்பதும் திருப்பூரில் எப்போதும் கேட்கப்படும் கேள்விகள். வெளிநாட்டு வாங்குநருடன் பேசி ஆர்டரை முடிக்கும் பொறுப்பிலுள்ள மெர்ச்சண்டைசர் ஒரு நாளில் எத்தனை முறை சாயப்பட்டறைக்குத் தொலைபேசியில் அழைக்கிறார் என்று எண்ணிப் பார்த்தாலே, கைபேசி அணுகலுக்கு எங்குப் பணம் செலவிட வேண்டும் என்பது விளங்கிவிடும்.

சாயப்பட்டறையில்தான் கணினிக்காரர்களின் வரைபடம் கிழிகிறது. நிட்டிங்கில் அத்தனை அக்கறையோடு ஒட்டிய சீட்டு இங்குப் பயனற்றுப் போகிறது. காகிதம் கொதிநீரில் நிற்காது என்பது மட்டுமே காரணம் அன்று. உருளைகள் அவிழ்க்கப்பட்டு, முனையோடு முனை தைக்கப்பட்டு, ஒரே கயிறாகச் சாய எந்திரத்துக்குள் போகின்றன. உள்ளே போன பத்து உருளைகள் வெளியே வரும்போது பத்து உருளைகளாக இருப்பதில்லை. உருளை என்ற அடையாளம் முடிந்து, ஒரே எந்திரத்தில் ஒரே நேரத்தில் ஒரே நிறமேறிய தொகுதி என்று பொருள்படும் லாட் என்ற அடையாளம் தொடங்குகிறது. பழைய எண்களையும் புதிய எண்ணையும் இணைக்கும் அந்த ஒரு பதிவு விடுபட்டுப்போனால், பின்னாளில் சட்டையின் கையும் உடலும் இரு வேறு ஷேடில் நிற்கும்போது, எந்த நூலில் பிழை, எந்த லாட்டில் பிழை என்று கண்டறிய வழியில்லை. அந்தப் பதிவைச் செய்ய வேண்டியவரோ ஈரக் கையோடு நிற்பவர். விரலின் மின்தன்மையை உணர்ந்து இயங்கும் கைபேசித் திரை நீர்த்துளியையும் விரலாக எண்ணித் தடுமாறும். எனவே எந்திரத்தருகே எழுதச் சொல்லாமல், லாட் அட்டை மாட்டியிருக்கும் சுவரருகே, துடைத்த கையோடு, குறியீட்டை ஒருமுறை படித்து ஒரு பொத்தானை அழுத்தும் அளவுக்கு வேலையைச் சுருக்க வேண்டியிருக்கிறது. தட்டச்சு செய்யும் கட்டம் ஒன்றுகூட இத்திரையில் இருக்கலாகாது.

இன்னொரு சிக்கலும் இதே இடத்தில் தலைகாட்டுகிறது. சாயப்பட்டறை வேறொருவருடைய நிறுவனம். அங்குள்ளவர் கம்பெனியின் ஊழியர் அல்லர். அவருக்குத் தெரிய வேண்டியவை அவரிடம் வந்த எடை, நிறம், திரும்ப வேண்டிய நாள் ஆகியவை மட்டும். துணியின் விலையோ வாங்குநரின் பெயரோ போட்டிப் பட்டறைக்குக் கொடுக்கும் கூலியோ அவர் கண்ணில் படக் கூடாதவை. யாருக்கு எந்தத் திரை, அத்திரையில் எந்தக் கட்டம், அக்கட்டத்தைப் பார்க்க மட்டுமா திருத்தவுமா என்று பொறுப்பை வைத்து வரையறுப்பதை அணுகல் உரிமை என்பர். இந்த உரிமையைத் திரையில் மறைத்துவிட்டுத் தரவுத்தளத்தில் திறந்து வைப்பது, கூடத்துக் கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். கைபேசிக்கு அனுப்பப்படும் தரவிலேயே விலை இல்லாதிருக்க வேண்டும். சாயமேற்றும்போது துணியின் எடை குறைவது இயல்பு. அந்தக் குறைவு எவ்வளவுவரை ஏற்கப்படும் என்பது ஒப்பந்தப்படி அமைவதால், அனுப்பிய எடையும் திரும்பிய எடையும் இரு தரப்புக்கும் ஒரே திரையில் தெரிந்தாலே, மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது எழும் வாக்குவாதத்தில் பாதி தணியும். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்னும் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆம் பிரிவும், அனுப்பியதையும் திரும்பியதையும் காட்டும் ஐ.டி.சி.-04 என்ற படிவமும் இதே பதிவுகளிலிருந்தே நிரம்ப வேண்டியவை.

அடுத்து வரும் காம்பாக்டிங், அதாவது துணி துவைத்த பின் சுருங்காதவாறு அளவை நிலைப்படுத்தும் வேலை, பதிவு முறையில் பெரிய புதுமை எதையும் கேட்பதில்லை. ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடையைக் குறிக்கும் ஜி.எஸ்.எம். என்ற எண் கூடுதலாகச் சேர்கிறது, அவ்வளவே. துணி கம்பெனிக்குத் திரும்பிக் கட்டிங் மேசையை அடைகிறது. அடுக்கிய துணியைச் சுழல்கத்தியாலோ பட்டைக்கத்தியாலோ வெட்டும் மாஸ்டர் இடக்கையில் எஃகு வளையங்களால் பின்னிய கையுறை அணிந்திருக்கிறார். அந்தக் கை திரையைத் தொடாது, மற்றக் கை துணியை விடாது. அவருக்குக் கைபேசி கொடுப்பது அவர் பாதுகாப்புக்கே கேடு. வெட்டிய துண்டுகளைக் கட்டாகக் கட்டும் உதவியாளரிடம் பதிவை ஒப்படைப்பதே முறை. யாருக்குக் கைபேசி தேவை என்பதைப் போலவே யாருக்குத் தேவையில்லை என்று முடிவெடுப்பதும் திட்டத்தின் பகுதி. உரிமக் கட்டணம் பெரும்பாலும் பயனர் கணக்கில் வசூலிக்கப்படுவதால் பணமும் மிச்சமாகிறது.

தையல் கூடம் பயணத்தின் மிகப் பெரிய நிறுத்தம். ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் என எந்திரங்கள் வரிசையாக நிற்க, டெய்லரும் கைமடி எனப்படும் உதவியாளரும், கூடத்தின் கடைசியில் பிசிர் வெட்டுவோரும் செக்கிங் பெண்களுமாக நூற்றுக்கணக்கானோர் ஓரிடத்தில் பணிபுரிகின்றனர். தென் மாவட்டத் தமிழும் கொங்குத் தமிழும் இங்கு ஒலிக்கின்றன. அவற்றோடு ஒடியா, இந்தி, வங்காளம் ஆகியவையும் ஒலிக்கின்றன, ஏனெனில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் இத்தொழிலின் தூண்களாகிவிட்டனர். ஆங்கிலத்தில் மட்டும் அமைந்த செயலி இங்கு யாருக்கும் சொந்தமாவதில்லை. தமிழில் மட்டும் அமைந்ததும் அதே அளவு அந்நியமே. நூலகத் தமிழில் பெயர்த்து வைப்பதும் உதவாது. கூடத்தில் பீஸ் என்றே சொல்லப்படுவதைச் செயலியில் அலகு என்று எழுதினால் தமிழரே தயங்குவர். சொல்லைவிடப் படமும் நிறமும் எண்ணும் பொதுமொழி என்பதால், வெட்டுக்கட்டின் குறியீட்டைப் படித்ததும் சட்டையின் படம் தோன்றி, எண்ணிக்கை பெரிதாகத் தெரியும் திரையே இங்குச் செல்லுபடியாகும்.

எவருடைய கைபேசியில் இச்செயலியை நிறுவுவது என்பது இதைவிட நுட்பமான கேள்வி. நிறுவனமே கைபேசி வாங்கித் தருவது ஒரு வழி. ஊழியரின் சொந்தக் கைபேசியையே பயன்படுத்தச் செய்வது இன்னொரு வழி. முன்னதில் செலவு மிகுதி. பின்னதில் உரிமைச் சிக்கல் மிகுதி. சொந்தக் கைபேசியில் அலுவல் தரவும் குடும்பப் படங்களும் கலந்து கிடக்க, வேலையை விட்டு நின்ற அன்று நிறுவனம் தன் தரவை அழிக்கப் போய், ஊழியரின் குழந்தைப் படங்களையும் அழித்துவிடும் நிலை வரலாம். இதற்காகவே 2014-இல் வந்த ஆண்ட்ராய்டின் ஐந்தாம் பதிப்பில் பணிக்கெனத் தனி அறை பிரிக்கும் ஏற்பாடு தொடங்கியது. ஒரே கைபேசிக்குள் நடுச்சுவர் எழுப்பி, அலுவல் செயலிகளை ஒரு பக்கத்திலும் சொந்தச் செயலிகளை மறுபக்கத்திலும் நிறுத்தி, நிறுவனத்தின் கை சுவரைத் தாண்டாதவாறு செய்வது அதன் நோக்கம். ஊழியர் நடமாட்டத்தை எந்நேரமும் பின்தொடரும் இருப்பிட வசதியைச் செயலியோடு சேர்த்து விற்கும் வழக்கமும் பரவியிருக்கிறது. வண்டிக்கு அது வேண்டியதாக இருக்கலாம், வீட்டுக்குப் போன டெய்லருக்கு வேண்டியதில்லை. எதற்காகத் திரட்டப்படுகிறதோ அதற்கு மேல் தனிமனிதத் தரவைக் கையாளலாகாது என்னும் கொள்கையை 2023-இன் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு குறையைச் சொல்லாமல் கடக்க இயலாது. பீஸ் கணக்கில் கூலி பெறுவோர் தம் எண்ணிக்கையைச் சிறு நோட்டிலோ நாட்காட்டித் தாளின் பின்புறத்திலோ குறித்து வைத்து, சம்பள நாளில் கம்பெனிக் கணக்கோடு ஒப்பிடுகின்றனர். உற்பத்தியை நொடிக்கு நொடி மேலே அனுப்பும் மென்பொருள், அந்த எண்ணை உண்டாக்கியவருக்கு மட்டும் அதைத் திருப்பிக் காட்டாமலிருப்பது தொழில்நுட்பக் குறைபாடு அன்று, திட்டமிட்டவரின் பார்வைக் குறைபாடு. தன் பீஸ் எண்ணிக்கையையும் ஷிப்ட்டையும் கழிவையும் தன் மொழியில் காணும் ஒரு திரையைத் தொழிலாளிக்குத் தருவதற்கு ஆகும் செலவு, முதலாளியின் வரைபடத்துக்கு ஆகும் செலவில் சிறு பங்கே. பிழையை முதலில் கண்டுபிடித்துச் சொல்பவரும் அவராகவே இருப்பார்.

பேக்கிங் பகுதியின் வாசலில் கைபேசியின் பயணம் நின்றுவிடுகிறது. குழந்தைகள் ஆடையில் உடைந்த ஊசிமுனை தங்கிவிடலாகாது என்பதற்காக ஊசி கண்டறியும் எந்திரம் வைத்து, அதைக் கடந்த ஆடைகள் இருக்கும் இடத்தை உலோகமற்ற பகுதியாக வாங்குநர்கள் வரையறுக்கின்றனர். வளையலுக்கும் சாவிக்கும் அங்கு இடமில்லாததைப் போலவே கைபேசிக்கும் இடமில்லை. எல்லோரும் எல்லா இடத்திலும் எப்போதும் என்னும் விளம்பர வாசகம் இந்த வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கப்படுகிறது. நிலையாகப் பொருத்திய ஒரு படிப்பானும், வாசலுக்கு வெளியே ஒரு திரையும் இங்குப் போதும்.

பெட்டிகள் கொள்கலனில் ஏறியதும் தொழிற்சாலையிலேயே முத்திரை வைக்கும் ஏற்றுமதியாளர்களுக்கு, ரேடியோ அலையால் படிக்கக்கூடிய மின்முத்திரையைச் சுங்கத்துறை 2017-இல் கொண்டுவந்தது. முத்திரை எண், கொள்கலன் எண், வண்டி எண், நேரம் ஆகியவை வண்டி கிளம்பும் முன்பே பதிவாக வேண்டும். இந்தப் பதிவுகளில் நேரும் எழுத்துப்பிழையை இணையமே இல்லாமல் கைபேசி கண்டுபிடிக்க முடியும் என்பது பலர் கவனிக்காத செய்தி. பன்னாட்டுத் தர அமைப்பின் 6346-ஆம் எண் தரப்படி கொள்கலன் எண் நான்கு எழுத்துகளும் ஆறு இலக்கங்களும், அவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறும் ஒரு சரிபார்ப்பு இலக்கமும் கொண்டது. ஓர் இலக்கம் மாறினால் கடைசி இலக்கம் காட்டிக்கொடுத்துவிடும். தமிழ்நாட்டுக்கு 33 எனத் தொடங்கும் 15 இட ஜி.எஸ்.டி. எண்ணின் கடைசி இடமும் அத்தகையதே. படிவத்தை வடிவமைப்போர் இச்சோதனையைத் தாய்க் கணினியில் வைக்காமல் கைபேசியிலேயே வைத்தால், பிழை வண்டி ஏறுவதற்கு முன்பே பிடிபடும்.

திருப்பூரிலிருந்து தெற்கே தாராபுரம் சாலையில் இறங்கியதும் நிலம் திறந்துகொள்கிறது. பாலக்காட்டுக் கணவாயின் காற்றை வாங்கிச் சுழலும் காற்றாலைகள் இருபுறமும் நிற்கின்றன. தாராபுரத்தில் அமராவதி ஆறு, பிறகு காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஒட்டன்சத்திரம், அதன்பின் திண்டுக்கல், மதுரை, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் என நீளும் வழி 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சரக்கோடு செல்ல வேண்டிய மின்வழிச்சீட்டு, அதாவது இ-வே பில், 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கிடையே நடைமுறைக்கு வந்தது. 2021 முதல் ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும் அதன் பகுதிக்கும் ஒரு நாள் என்று அதன் ஆயுள் கணக்கிடப்படுவதால் இவ்வழிக்கு இரண்டு நாள் கிடைக்கிறது. சீட்டின் முதற்பகுதியில் சரக்கு விவரமும் இரண்டாம் பகுதியில் வண்டி எண்ணும் உள்ளன. நள்ளிரவில் அச்சு முறிந்து சரக்கு வேறு லாரிக்கு மாறினால் இரண்டாம் பகுதியைத் திருத்த வேண்டும். ஆயுள் முடிவதற்கு முந்தைய எட்டு மணி நேரத்திலோ பிந்தைய எட்டு மணி நேரத்திலோ மட்டுமே நீட்டிப்புக் கேட்க இயலும். மேசைக்கணினி அலுவலகத்தில் பூட்டிக் கிடக்கும் அந்நேரத்தில், திருத்தும் உரிமை யார் கைபேசியில் இருக்கிறது என்பதை முன்கூட்டித் தீர்மானித்திருந்தால் சரக்கு நகரும். இல்லையேல் விடியும்வரை சாலையோரத்தில் நிற்கும். கைபேசி அணுகல் தன் செலவை ஒரே இரவில் ஈட்டிவிடும் இடம் இது.

பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லைக் கடக்கும்போது சாவியைப் பற்றிப் பேசுவது பொருந்தும். கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்பது இரட்டைச் சரிபார்ப்பு. பெரும்பாலும் அது குறுஞ்செய்தியில் வரும் ஓ.டி.பி. மேசைக்கணினியில் மென்பொருளைத் திறப்பவருக்கு அது நல்ல காவல். செயலியும் ஓ.டி.பி.யும் ஒரே கைபேசியில் இருக்கும்போதோ, இரண்டாவது பூட்டின் சாவி முதல் கதவிலேயே தொங்குகிறது. கைபேசி தொலைந்தால் இரண்டும் ஒன்றாகப் போகின்றன. செயலிக்குத் தனியாகக் கைரேகையோ இரகசிய எண்ணோ கேட்கச் செய்வதும், தொலைந்த செய்தி வந்த நிமிடத்தில் அக்கைபேசியின் உரிமையை அலுவலகத்திலிருந்தே துண்டிப்பதும் வேண்டியவை. கைபேசியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்து வைத்திருந்தால், 2023-இல் தொடங்கிய சஞ்சார் சாத்தி அமைப்பின் வழியே நாடு முழுதும் அதை முடக்கலாம். இவையனைத்துக்கும் முன்னால் ஒரு சிறு ஒழுங்கு தேவை: வேலையை விட்டவரின் கணக்கை அன்றே மூடுவது. ஆட்கள் அடிக்கடி மாறும் திருப்பூர் போன்ற ஊரில், ஒருவர் நின்றபின் அவர் பெயரிலேயே அடுத்தவர் சலான் போடும் பழக்கம், எந்த ஊடுருவலைவிடவும் கணக்கைக் குலைக்க வல்லது.

எட்டயபுரத்தைத் தாண்டியதும் கரிசல் நிலம். சற்று நேரத்தில் உப்பளங்களின் வெண்மையும் கடற்காற்றும். வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிய தூத்துக்குடி இது. 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடித் துறைமுகம் 2011-இல் அவர் பெயரைப் பெற்றது. நிட்டிங் பட்டறைத் தராசில் தொடங்கிய எண், பற்பல கைகளைக் கடந்து, இங்குக் கப்பல் சரக்குச் சீட்டில் வந்து நிற்கிறது. கப்பல் கிளம்பிய பின் அதன் நிறுவனம் ஏற்றுமதிப் பொது அறிக்கையைப் பதிவு செய்கிறது. வரி செலுத்தி ஏற்றுமதி செய்தவருக்கு அவ்வரி திரும்பக் கிடைப்பது அதன் பிறகே. திருப்பூர் அலுவலகத்தில் வரி அறிக்கைக்காகப் பதிந்த பில் எண்ணும் கப்பல் சரக்குச் சீட்டில் பதிந்த பில் எண்ணும் ஓர் எழுத்தளவு வேறுபட்டாலும் சுங்கக் கணினி எஸ்.பி. 005 என்ற பிழைக்குறியைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்த தொடக்க காலத்தில் ஏற்றுமதியாளர்களின் பணம் தேங்கியதற்கு அந்தக் குறி முதன்மையான காரணங்களுள் ஒன்று. ஒரே எண்ணை இரண்டு இடங்களில் இரண்டு பேர் இரண்டு முறை தட்டச்சு செய்தனர்.